பழைய விண்டேஜ் போர்ட் ஒயினின் தரத்தை மதிப்பிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

நாற்பது, ஐம்பது ஆண்டுகள் பாட்டிலுக்குள் கிடந்த ஒரு விண்டேஜ் போர்ட்டை மதிப்பிடும்போது இரண்டு கேள்விகளுக்கு விடை தேட வேண்டியிருக்கிறது. அந்த ஒயின் பிறக்கும்போதே எவ்வளவு உயர்ந்ததாக இருந்தது என்பது முதல் கேள்வி. இப்போது நம் கையில் இருக்கும் இந்தக் குறிப்பிட்ட பாட்டில் அந்த உயர்வில் எவ்வளவைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காமல் கொடுக்கும் தீர்ப்பு பெரும்பாலும் தவறாகவே முடியும். சேமிப்பில் கெட்டுப்போன மிகச் சிறந்த ஒயினைச் சாதாரண ஒயின் என்றும், நன்றாகப் பாதுகாக்கப்பட்ட நடுத்தர ஒயினை அரிய ஒயின் என்றும் சொல்லிவிடுகிறோம். வயதுக்கு மட்டுமே மரியாதை தரும் பழக்கம் இந்தக் குழப்பத்தை மேலும் வளர்க்கிறது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டு கேள்விகளையும் தனித்தனியே விசாரிப்பதற்காக அமைந்தவை.

எதைப் பற்றிப் பேசுகிறோம்

போர்ட் என்ற பெயரில் நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் கோவா இனிப்பு ஒயினுக்கும் இங்கே பேசப்படும் ஒயினுக்கும் தொடர்பு இல்லை. உண்மையான போர்ட் வட போர்ச்சுகலின் டூரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில், பலகைப் பாறை நிறைந்த செங்குத்தான படிக்கட்டுச் சரிவுகளில் விளையும் திராட்சையிலிருந்து வருகிறது. போர்ச்சுகலின் முதன்மை அமைச்சர் மார்க்கேஸ் டி பொம்பால் ஆட்சி செலுத்திய 1756-ஆம் ஆண்டிலேயே அந்தப் பகுதிக்கு எல்லை வகுக்கப்பட்டது. அதையொட்டி நடப்பட்ட எல்லைக் கற்களில் பல இன்றும் நிற்கின்றன. துரிகா நாசியோனால், துரிகா ஃபிராங்கா, டின்டா ரோரிஸ், டின்டா பரோக்கா, டின்டோ கேவ் முதலிய திராட்சை வகைகள் கலந்து மிதிக்கப்பட்டு, சாறு இரண்டு மூன்று நாட்கள் மட்டும் நொதிக்கிறது. சர்க்கரையில் ஏறக்குறைய பாதி மிஞ்சியிருக்கும்போதே 77 சதவீத வலிமை கொண்ட திராட்சைச் சாராயம் சேர்க்கப்படுகிறது. வழக்கமான கணக்கு சுமார் 435 லிட்டர் சாற்றுக்கு 115 லிட்டர். நொதித்தல் அத்துடன் நின்றுவிடும். சுமார் 20 சதவீத ஆல்கஹாலும், லிட்டருக்கு 100 கிராமை ஒட்டிய சர்க்கரையும் உள்ள ஒயின் அப்போது உருவாகிறது.

இந்த ஒயின் எந்த வழியில் முதுமை அடைகிறது என்பதைப் பொறுத்தே அதன் வகை அமைகிறது. டோனி, கொல்ஹெய்ட்டா ஆகியவை பல ஆண்டுகள் மரப் பீப்பாயில் காற்றோடு பழகி முதிர்கின்றன. பழுப்பு நிறமும் கொட்டைப் பருப்பு மணமும் அவற்றுக்கு இயல்பு. விண்டேஜ் போர்ட் அப்படியல்ல. ஒரே ஆண்டின் மிகச் சிறந்த ஒயினைத் தேர்ந்து, அறுவடைக்குப் பிந்தைய இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டில் வடிகட்டாமல் பாட்டிலில் அடைத்துவிடுவார்கள். பிறகு அது கண்ணாடிக்குள், ஏறக்குறையக் காற்றில்லாமல், மிக மெதுவாக முதிர்கிறது. ஆகவே ஒரு கொல்ஹெய்ட்டாவில் அழகாகக் கருதப்படும் பழுப்பும் வாதுமை வாசனையும் ஒரு விண்டேஜ் போர்ட்டில் ஓங்கி நின்றால், காற்று உள்ளே புகுந்துவிட்டது என்று ஐயப்பட வேண்டும்.

படி 1: பாட்டில் யாருடையது, எந்த ஆண்டு, எங்கே அடைக்கப்பட்டது

எல்லா ஆண்டும் விண்டேஜ் ஆண்டாகிவிடாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் ஒயின் தகுதி பெற்றதா என்று தானே முடிவெடுத்து, மாதிரியை டூரோ மற்றும் போர்ட் ஒயின்களை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பின் சுவைக் குழுவுக்கு அனுப்பி ஒப்புதல் பெற்ற பிறகே அறிவிக்கிறது. பத்தாண்டுகளில் சுமார் மூன்று முறை பெரும்பாலான நிறுவனங்கள் ஒரே ஆண்டை அறிவிப்பது வழக்கம்.

ஆண்டுகளைப் பற்றிய அடிப்படை அறிவு இல்லாமல் மதிப்பீட்டைத் தொடங்குவது வீண். 1927 ஏராளமான நிறுவனங்கள் அறிவித்த பெரும் ஆண்டு. 1931-இல் தரம் இருந்தும், உலகப் பொருளாதார மந்தமும் விற்காமல் குவிந்திருந்த 1927-ஆம் ஆண்டுச் சரக்கும் தடுத்ததால் பெரும்பாலோர் அறிவிக்கவில்லை; அறிவித்த சிலருள் கின்டா டோ நோவாலின் அவ்வாண்டு ஒயின் போர்ட் வரலாற்றிலேயே பெரும் புகழ் பெற்றது. 1945 குறைந்த விளைச்சலும் மிகுந்த செறிவும் கொண்டது. 1955, 1963 இரண்டும் நீண்ட ஆயுளுக்குப் பெயர் பெற்றவை. 1963-இன் நிழலில் நெடுங்காலம் மறைந்து கிடந்த 1966, பிற்காலத்தில் சில நிறுவனங்களைப் பொறுத்தவரை அதற்கு இணையாகவே மதிக்கப்பட்டது. 1970 கட்டமைப்பு உறுதியான, ஏமாற்றம் குறைவாகத் தரும் ஆண்டு. 1975 மெலிந்தது, விரைவில் பழுத்தது. 1977 இளமையில் பெரிதும் கொண்டாடப்பட்டது, ஆனால் அந்தக் கொண்டாட்டத்துக்கு எல்லா நிறுவனங்களின் ஒயினும் ஈடு கொடுக்கவில்லை. 1980 விலைக்கு மிஞ்சிய தரம் தருவது. 1985 தொடக்கத்திலிருந்தே இனிமையாகப் பழகியது. 1991, 1992 ஆகிய ஆண்டுகளில் நிறுவனங்கள் இரண்டு அணியாகப் பிரிந்தன: டௌ, கிரஹாம், வாரே ஆகியவை முதலாவதையும், டெய்லர், ஃபொன்சேகா ஆகியவை இரண்டாவதையும் அறிவித்தன. 1994-ஐ ஏறக்குறைய எல்லோரும் அறிவித்தார்கள்.

நிறுவனத்தின் இயல்பும் இதே அளவு முக்கியமானது. டெய்லர் இறுக்கமும் நிமிர்வும் கொண்டது; இளமையில் முகம் கொடுக்காது. ஃபொன்சேகா சதைப்பற்றும் செழுமையும் உடையது. கிரஹாம் இனிமை கூடியது. டௌ, கிரஹாமை நடத்தும் அதே சிமிங்டன் குடும்பத்தின் கையில் இருந்தாலும் நொதித்தலைச் சற்றுக் கூடுதலாக ஓடவிட்டு, உலர்ந்த முடிவைத் தரும் வகையில் செய்யப்படுகிறது. வாரே மலர் மணத்துக்கும் நயத்துக்கும் பெயர் பெற்றது. டௌவை இனிமை போதவில்லை என்றோ, கிரஹாமை இனிமை மிகுதி என்றோ குறை சொல்வது அந்த ஒயினை அது ஆக விரும்பாத ஒன்றோடு ஒப்பிடுவதாகும். பொது அறிவிப்பு இல்லாத ஆண்டுகளில் வெளிவரும் ஒற்றைத் தோட்ட விண்டேஜ்களும், டெய்லரின் வார்கெல்லாஸ், கிரஹாமின் மால்வேடோஸ் போன்றவை, அதே குடும்ப இயல்போடு சற்று முன்னதாகப் பழுப்பவை. அவற்றை அந்த அளவுகோலால்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து, எங்கே அடைத்தார்கள் என்பது. 1970-களின் முற்பகுதி வரை விண்டேஜ் போர்ட்டில் பெரும் பங்கு பீப்பாயிலேயே பிரிட்டனுக்குக் கப்பலேறி, லண்டன், பிரிஸ்டல், லீத் நகரங்களின் ஒயின் வணிகர்களால் பாட்டிலில் அடைக்கப்பட்டது. பெர்ரி பிரதர்ஸ் அண்ட் ரட், ஹார்வீஸ், ஏவரிஸ் போன்ற வணிகர்களின் பெயர் சில பாட்டில்களில் நிறுவனத்தின் பெயருக்கு இணையாகவே காணப்படும். அதனால் ஒரே நிறுவனத்தின் ஒரே ஆண்டு ஒயின், அடைத்தவரின் கைத்திறனையும் அடைத்த காலத்தையும் பொறுத்து வேறுபடலாம். 1970 இவ்வாறு பரவலாகப் பிரிட்டனில் அடைக்கப்பட்ட கடைசிப் பெரிய ஆண்டு. பின்னர் போர்ச்சுகலிலேயே அடைக்க வேண்டும் என்பது சட்டமாயிற்று. முன்பு, போர்க்கால நெருக்கடியால் 1945 பெரும்பாலும் போர்ச்சுகலில் அடைக்கப்பட்டது. எனவே லண்டன் வணிகர் பெயருடன் 1963 வந்தால் அது இயல்பு. 1977 அப்படி வந்தால் விசாரிக்க வேண்டியது.

பழைய பாட்டில்களில் பலவற்றுக்கு லேபிளே இருக்காது. ஈரமான நிலவறைகளில் தாள் மக்கிவிடும் என்பதால், எழுத்தச்சால் வெள்ளை வண்ணத்தில் பெயரும் ஆண்டும் பாட்டில் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். அதுவும் இல்லையென்றால் மூடியுறையின் மேல்முகத்தில் அல்லது மெழுகு முத்திரையில் எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இறுதிச் சான்று கார்க்தான்: நிறுவனத்தின் பெயரும் ஆண்டும் அதில் சூடு போட்டு எழுதப்பட்டிருக்கும். மூடியுறையின் ஓரத்தைக் கவனமாகச் சற்று வெட்டி, கண்ணாடி வழியாகக் கார்க்கின் பக்கவாட்டைக் கைவிளக்கால் பார்த்தால், திறக்காமலே சில எழுத்துகளைப் படித்துவிடலாம்.

படி 2: திறக்கும் முன் வெளியே தெரிவதைப் படித்தல்

மிகப் பயனுள்ள சான்று ஒயினின் மட்டம். கழுத்துக்குள் நிற்கும் மட்டம் எந்த வயதிலும் நல்ல அறிகுறி. கழுத்தின் அடியிலோ தோளின் உச்சியிலோ நிற்பது ஐம்பது ஆண்டு ஒயினுக்கு இயல்பானது. அதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. தோளின் நடுவுக்கு இறங்கியிருந்தால் விலையில் அது தெரிய வேண்டும். தோளின் கீழ்ப்பகுதிக்கு இறங்கிய பாட்டிலை ஆர்வத்துக்காக வேண்டுமானால் வாங்கலாம், தரத்தை நம்பி வாங்கக் கூடாது. சர்க்கரையும் ஆல்கஹாலும் கவசமாக இருப்பதால், இதே மட்டக் குறைவை பிரான்சின் ஒரு பழைய போர்டோ (Bordeaux) ஒயினைவிட போர்ட் நன்றாகவே தாங்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை: மிகப் பழைய பாட்டில் ஒன்றில் மட்டம் கழுத்தின் உச்சி வரை நின்றால் மகிழ்வதற்கு முன், கார்க் எப்போதாவது மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். கார்க் மாற்றுவது குற்றமல்ல; யார், எப்போது, எதைக் கொண்டு நிரப்பினார்கள் என்பது பதிவாகியிருக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் விலை போகும் பாட்டில்களில் இது போலிகளுக்கு எதிரான முதல் கேள்வியும் ஆகும்.

மூடியுறையின் கீழ் பிசுபிசுப்பும் காய்ந்த சர்க்கரைத் தடமும் இருந்தால் ஒயின் கசிந்திருக்கிறது. கார்க் கழுத்து விளிம்பை மீறி மேலே தள்ளி நின்றால் பாட்டில் ஒரு காலத்தில் வெப்பத்தில் கிடந்திருக்கிறது. ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளியிருக்கிறது. மட்டம் நன்றாக இருந்தாலும் இந்த இரண்டாவது அறிகுறியை நான் மன்னிப்பதில்லை. விண்டேஜ் போர்ட்டுக்குத் தேவை 12 முதல் 14 டிகிரி செல்சியஸ் வரையிலான நிலையான குளிர். ஆல்கஹால் கூடிய ஒயின்தானே, வெப்பம் என்ன செய்துவிடும் என்று அலமாரியில் வைத்திருந்தவர்களின் பாட்டில்கள் சந்தைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன.

பின்னர் பாட்டிலின் தோளுக்குப் பின்னால் ஒரு கைவிளக்கை வைத்து நிறத்தைப் பாருங்கள். கண்ணாடி கருத்திருப்பதால் எல்லாப் பாட்டிலிலும் இது முடியாது. முடியுமானால், ஒரே பெட்டியிலுள்ள பாட்டில்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒளியில் பிடித்து ஒப்பிடுவது எந்த விற்பனையாளரின் உறுதிமொழியைவிடவும் நம்பத்தக்கது. மற்றவை சிவந்திருக்க ஒன்று மட்டும் வெளிறி மஞ்சளித்துத் தெரிந்தால், அதன் கார்க் தோற்றுவிட்டது.

பழைய பாட்டில்களின் ஒரு பக்கத்தில் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு ஒரு துளியாகத் தெரியும். படுக்க வைக்கும்போது எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. வண்டல் அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் படிந்திருக்கும். அடுத்த படிக்கு இந்தத் தகவல் தேவைப்படும்.

படி 3: நிறுத்தி வைத்தல், திறத்தல், தெளித்தல்

வடிகட்டாமல் அடைத்ததால் விண்டேஜ் போர்ட்டின் வண்டல் கனமானது. பல பத்தாண்டுகள் அசையாமல் கிடந்த பாட்டிலில் அது கண்ணாடியோடு ஒட்டிய தோலாக மாறியிருக்கும். பாட்டிலைத் திறப்பதற்குக் குறைந்தது ஒரு முழு நாள் முன்பாகவே நிமிர்த்தி வையுங்கள். பயணம் செய்து வந்த பாட்டிலானால் ஒரு வாரம் அல்லது அதற்கு மேலும் வேண்டும். கலங்கிய ஒயினை மதிப்பிட முடியாது. நுண்ணிய வண்டல் நாவில் கசப்பாகவும் மண்ணாகவும் படிந்து, ஒயினில் இல்லாத குறையை அதன்மேல் ஏற்றிவிடும்.

திறப்பது தனிக் கலை. பழைய போர்ட் பாட்டில்களின் கழுத்து நடுவில் சற்றுப் புடைத்திருக்கும். நீளமான கார்க் அந்தப் புடைப்புக்குள் விரிந்து, இறுகிய வாயின் வழியே வர மறுத்து உடையும். திருகுக் கம்பியையும் இருபுறமும் இறங்கும் தகடுகளையும் ஒன்றாகச் சேர்த்த டுராண்ட் என்ற கருவி இதற்கு மிகவும் உகந்தது. மரபான வழி, செந்தணலாகக் காய்ச்சிய இடுக்கியால் கார்க்குக்குக் கீழே கழுத்தைச் சுமார் ஒரு நிமிடம் பற்றிவிட்டு, அதே வளையத்தில் ஈரத் துணியைச் சுற்றுவது. கண்ணாடி நேராகத் தெறித்துப் பிரியும். கண்ணுக்குத் தெரியும் ஆபத்து இருப்பதால் பழகியவரிடம் கற்ற பிறகே இதைச் செய்ய வேண்டும். எந்த வழியானாலும் கார்க்கைத் தூக்கி எறியாதீர்கள். அதன் எழுத்துகளைப் படியுங்கள், நீளத்தைப் பாருங்கள், எவ்வளவு தூரம் ஒயின் ஊறியிருக்கிறது என்று கவனியுங்கள். அடிமுதல் நுனிவரை நனைந்து, கூழாகிப்போன கார்க் பாட்டிலுக்குள் காற்று போய்வந்ததைச் சொல்கிறது. மேல்முகத்தில் மட்டும் படிந்த கரும்பூஞ்சைக்கு அஞ்ச வேண்டாம். ஈரமான நிலவறைக்கு அது சாட்சி.

கழுத்தின் அடியில் விளக்கு ஒன்றை வைத்துக்கொண்டு, ஒரே ஓட்டமாக, இடையில் பாட்டிலை நிமிர்த்தாமல், சுத்தமான டிகாண்டருக்குள், அதாவது அகன்ற கண்ணாடிக் குடுவைக்குள், ஊற்றுங்கள். கரிய இழை கழுத்தை நெருங்கியதும் நிறுத்துங்கள். இப்படி வண்டலை விட்டுத் தெளிந்த ஒயினை மட்டும் பிரித்து ஊற்றுவதையே தெளித்தல் என்கிறேன். கார்க் நொறுங்கியிருந்தால் மெல்லிய எஃகு வலையோ, சோப்பு மணமில்லாத, வெளுக்காத மஸ்லின் துணியோ போதும். துணி வெந்நீரில் நன்றாக அலசப்பட்டிருக்க வேண்டும்.

மிஞ்சிய வண்டலையும் பாருங்கள். செதிலாக, கனமாகப் பாட்டிலோடு ஒட்டியிருந்தால் ஒயின் பல ஆண்டுகள் ஒரே இடத்தில் அமைதியாகக் கிடந்தது என்று பொருள். நாற்பது ஆண்டு ஒயினில் வண்டல் ஏறக்குறைய இல்லையென்றால், பாட்டில் அண்மையில் வேறு கலத்திலிருந்து நிரப்பப்பட்டதா என்ற கேள்வி எழ வேண்டும்.

எவ்வளவு நேரம் முன்னதாகத் தெளிப்பது என்பதில் ஒரே விதி இல்லை. இருபது முப்பது வயதுடைய, வலுவான ஆண்டின் ஒயினுக்கு நான்கைந்து மணி நேரம் நன்மை செய்யும். ஐம்பது வயதை நெருங்கும்போது இரண்டு மூன்று மணி நேரம் போதும். அதற்கும் முற்பட்டவற்றைத் தெளித்த உடனே ஒரு சிறு அளவு சுவைத்து, அது கேட்கும் நேரத்தை அதனிடமே அறிவது நல்லது.

படி 4: நிறம்

வெள்ளைத் தாளின் மேல் கோப்பையைச் சாய்த்து நடுவையும் விளிம்பையும் தனித்தனியே பாருங்கள். இளமையில் மை போன்ற ஊதா, பிறகு மாணிக்கச் சிவப்பு, அதன் பிறகு செங்கல் நிறம், மிக முதிர்ந்த நிலையில் ரோஜாவும் அம்பரும் கலந்த வெளிர்மை என்று இந்த ஒயின் படிப்படியாக இறங்குகிறது. நிறமிகளும் டானின்கள் எனும் துவர்ப்புப் பொருள்களும் ஒன்றோடொன்று பிணைந்து, கனத்து, வண்டலாக விழுவதே இந்த மாற்றத்தின் காரணம். சாராயத்தோடு வரும் ஆல்டிஹைடுகள் எனும் சேர்மங்கள் அந்தப் பிணைப்புக்கு உதவுவதால், போர்ட் தன் சிவப்பைச் சாதாரண ஒயினைவிட நீண்ட காலம் காத்துக்கொள்கிறது.

வயதுக்கு ஏற்ற நிறமா என்பதே கேள்வி, ஆழமான நிறமா என்பதல்ல. 1970 ஒன்று நடுவில் இன்னும் சிவந்திருந்தால் அது நலம். 1975 வெளிறியிருந்தால் அந்த ஆண்டின் இயல்பு. 1994 ஒன்று விளிம்பிலிருந்து நடுவரை பழுப்பேறியிருந்தால் பாட்டில் துன்பப்பட்டிருக்கிறது. எந்த வயதானாலும் நிறத்தில் ஒளி இருக்க வேண்டும். மங்கிய, சேற்றுத்தன்மையான பழுப்பு ஒருபோதும் நல்லதைச் சொல்வதில்லை.

படி 5: மணம்

கோப்பை போதுமான அளவு பெரிதாக இருக்கட்டும். சிறு மதுக்கிண்ணத்தில் விண்டேஜ் போர்ட் ஊற்றும் வழக்கம் அதன் மணத்தில் பாதியைக் கொன்றுவிடுகிறது. போர்ச்சுகலின் கட்டடக் கலைஞர் ஆல்வாரோ சீசா போர்ட்டுக்கென வடிவமைத்த கோப்பையோ, சாதாரண வெள்ளை ஒயின் கோப்பையோ பொருத்தமானது. ஒயின் 16 முதல் 18 டிகிரியில் இருக்க வேண்டும். அதற்கு மேல் சென்றால் சாராயம் முந்திக்கொண்டு மூக்கை எரிக்கும், நல்ல ஒயினும் முரடாகத் தோன்றும்.

முதலில் குறைகளை விலக்குங்கள். ஈரமான அட்டை, பூசணம் பிடித்த நிலவறை போன்ற மணம் வந்தால் அது கார்க் கெடுத்த ஒயின். டிரைகுளோரோஅனிசோல் எனும் அந்தச் சேர்மம் லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே போதும். குறைந்த அளவில் அது தன் மணத்தைக் காட்டாமல் பழ மணத்தை மட்டும் அழித்துவிடும் என்பதால், புகழ்பெற்ற ஒயின் ஊமையாக இருந்து, நேரம் ஆக ஆக இன்னும் சுருங்கினால், இதை ஐயப்படுங்கள். மற்றக் குறைகள் நேரத்தோடு நகரும். இது மோசமாகவே ஆகும். நகப்பூச்சு நீக்கியின் காரமான வாடை ஆவியாகும் அமிலம் மிகுந்ததைக் காட்டும். சில பழைய போர்ட்களில் அது மெல்லியதாக இருந்து மணத்தை மேலே தூக்கிப் பிடிப்பதுண்டு, அங்கே அது குறையல்ல. பழத்தை மறைக்கத் தொடங்கும் இடத்தில்தான் குறையாகிறது. வெந்த பழப்பாகு, கருகிய சர்க்கரை ஆகியவை வெப்பத்தின் தடங்கள். காய்ந்த வாதுமை, பழைய ஆப்பிள் மணம் காற்றின் தடங்கள்.

பாட்டில் வாசம் என்பது வேறு. பல பத்தாண்டுகள் அடைபட்டுக் கிடந்த ஒயின் திறந்தவுடன் மூடிய அறையின் வாடையையோ, தீக்குச்சியின் கந்தக நெடியையோ தருவது இயல்பு. அரை மணி நேரத்தில் அது கலைந்துவிடும். இந்த முதல் மூச்சை வைத்தே ஒயினை நிராகரிப்பது மதிப்பீட்டில் நான் காணும் மிகப் பரவலான அவசரம்.

குறைகள் இல்லையென்றான பிறகு மணத்தின் அடுக்குகளுக்கு வரலாம். இளம் விண்டேஜ் போர்ட்டில் கருநாவலும் வயலெட் பூவும், டூரோ மலைகளில் பிசின் வாசம் வீசும் எஸ்தேவா செடியின் நினைவும் கலந்திருக்கும். துரிகா நாசியோனாலின் கையெழுத்தான பெர்கமோட் வாசம், ஏர்ல் கிரே தேநீரை நினைவூட்டும் வகையில், நல்ல ஒயின்களில் நடுவயது வரை தங்கும். முப்பதைத் தாண்டும்போது அத்தி, உலர்ந்த பிளம், கறுப்புச் சாக்லேட், அதிமதுரம், புகையிலைச் சுருள், தோல் ஆகியவை மெல்ல இடம்பிடிக்கும். இந்தப் பட்டியலில் எத்தனை கிடைத்தன என்று எண்ணுவது மதிப்பீடு ஆகாது. பழத்தின் உயிர் முதிர்ந்த மணங்களுக்கு அடியில் இன்னும் துடிக்கிறதா, கோப்பையைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் மணம் புதிதாக ஏதேனும் சொல்கிறதா என்பதே சிறந்த ஒயினை நல்ல ஒயினிடமிருந்து பிரிக்கிறது.

படி 6: நாவில்

இங்கேதான் தீர்ப்பு பிறக்கிறது. அவசரப்படக் கூடாத இடமும் இதுவே. இனிமை, சாராயம், டானின், அமிலம், பழம் ஆகிய ஐந்தும் ஒன்றை ஒன்று தாங்கி நிற்க வேண்டும்.

சாராயத்திலிருந்து தொடங்குங்கள், ஏனெனில் பழைய போர்ட்டின் உண்மையை முதலில் வெளியிடுவது அதுதான். ஒயினின் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட அளவு வெளியிலிருந்து சேர்த்த சாராயம். ஆல்கஹாலின் அளவு ஆண்டுகள் கடந்தாலும் பெரிதாகக் குறைவதில்லை. பழமும் டானினும் மட்டும் குறைந்துகொண்டே போகின்றன. ஆகவே முதுமையில் தளர்ந்த ஒயினில் சாராயம் தனியே துருத்திக்கொண்டு, நாவின் ஓரங்களிலும் தொண்டையின் அடியிலும் சூடாக எரியும். சிறந்த ஒயினில் 20 சதவீதம் இருக்கிறது என்பதே தெரியாது. விழுங்கிய பின் மார்பில் பரவும் இதமான வெம்மையாக மட்டும் அது தெரியும். அந்தத் துருத்தல் எப்போதும் முதுமையால் வருவதல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். 1990-களின் தொடக்கத்தில் நிறுவனங்களுக்குச் சாராயத்தைத் தாமே தேர்ந்து வாங்கும் உரிமை கிடைக்கும் வரை அதன் வழங்கல் அரசுக் கட்டுப்பாட்டில் இருந்தது, தரமும் பிந்தைய காலத்துக்கு ஈடாக இல்லை. முந்தைய ஆண்டுகளின் ஒயின்களில் சற்று முரடான சாராயத்தை உணர்ந்தால் அது பிறவியிலேயே வந்ததாகவும் இருக்கலாம்.

அடுத்து இனிமை. சர்க்கரையும் அளவில் குறைவதில்லை. ஆனாலும் முதிர்ந்த விண்டேஜ் போர்ட் இளையதைவிட உலர்ந்ததாக நாவுக்குத் தோன்றும், ஏனெனில் பழத்தின் கொழுப்பு கரைந்து அமிலமும் கட்டமைப்பும் மேலெழுகின்றன. இனிமை முதலில் வந்து, நடுவில் பழத்தோடு கலந்து, முடிவில் ஏறக்குறைய உலர்ந்து விடைபெற வேண்டும். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தட்டையான சர்க்கரையாக இருந்தால், ஒயினில் அமிலம் போதவில்லை, அல்லது நடுப்பகுதி வற்றிவிட்டது.

அந்த நடுப்பகுதியைத் தனியாகக் கவனியுங்கள். ஒயினை வாயில் சில நொடிகள் வைத்திருந்து, நாவின் மையத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தளர்ந்துவரும் போர்ட் முதலில் இழப்பது இந்த இடத்தைத்தான். முன்னே இனிமையும் பின்னே சாராயமும் நிற்க, இடையில் வெறுமை இருக்கும். மணம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த வெறுமையை அது ஈடு செய்யாது.

டானின் முதுமையில் காணாமல் போக வேண்டியதில்லை. பட்டுத் துணியைத் தடவுவது போன்ற மெல்லிய பிடிப்பாக அது ஈறுகளில் தங்கியிருந்தால் ஒயினுக்கு முதுகெலும்பு இருக்கிறது. 1963-இன் சிறந்த பாட்டில்களில் இந்தப் பிடிப்பு நெடுங்காலம் நீடித்தது. பழம் போய் டானின் மட்டும் கசப்பாக, உலர்த்தும் விதமாக மிஞ்சியிருந்தால், அந்த ஒயினின் சமநிலை முன்பே குலைந்துவிட்டது. அதை மேலும் காத்து வைப்பதால் பயனில்லை.

விழுங்கிய பிறகு மௌனமாக இருங்கள். சுவை எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதோடு, எதன் சுவை தங்குகிறது என்பதையும் பாருங்கள். நீளமான முடிவு என்று பலர் குறித்துக்கொள்வது சில நேரம் சாராய எரிச்சலின் நீளம்தான். பழமும் மணமும் கடைசிவரை உடன் வந்தால்தான் அது ஒயினின் நீளம்.

படி 7: மணிக்கணக்கில் தொடர்தல்

ஒரே கோப்பையை வைத்துப் பழைய விண்டேஜ் போர்ட்டை முடிவு செய்ய முடியாது. தெளித்த உடன், ஒரு மணி நேரத்தில், மூன்று மணி நேரத்தில் என்று சிறிது சிறிதாகச் சுவைத்து, ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏறிக்கொண்டே போகும் ஒயினுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. உச்சத்தைத் தொட்டு அங்கேயே நிற்பது முதிர்ச்சியின் நடுவில் இருக்கிறது. முதல் அரை மணி நேரம் மின்னிவிட்டுச் சரிவது, தன் கடைசிக் காலத்தில் இருக்கிறது. அது அப்போது தந்த அழகு உண்மையானதுதான், ஆனால் அதே பெட்டியின் மற்றப் பாட்டில்களை வைத்திருப்பவர் இந்தத் தகவலை வீணாக்கக் கூடாது. ஒரு கோப்பை அளவை மூடி வைத்து மறுநாளும் சுவையுங்கள். வலுவான 1977, 1985, 1994 போன்றவை மறுநாள் கூடத் தாங்கி நிற்கலாம். சில வேளைகளில் மேம்பட்டும் இருக்கும். மிகப் பழையவற்றை மறுநாளுக்கு வைப்பது இழப்பு மட்டுமே.

படி 8: தீர்ப்பை எழுதுதல்

குறிப்பேட்டில் இரண்டு தனி வரிகளாக எழுதுங்கள். முதல் வரியில் பாட்டிலின் நிலை: மட்டம், கார்க், நிறம் வயதுக்கு ஏற்றதா, வெப்பம், காற்று, கார்க் குறை ஆகியவற்றின் தடம் உண்டா. இரண்டாம் வரியில் ஒயின்: சமநிலை, நடுப்பகுதி, மணத்தின் அடுக்குகள், முடிவு, நேரத்தோடு அது சென்ற திசை. முதல் வரி மோசமாக இருந்தால் இரண்டாம் வரியில் அந்த நிறுவனத்தையோ ஆண்டையோ பற்றி எதுவும் முடிவாக எழுத வேண்டாம். எண்ணில் மதிப்பெண் கொடுப்பவர்கள் கொடுக்கட்டும். ஆனால் எந்த வணிகர் அடைத்தார், எங்கே சேமிக்கப்பட்டது, எத்தனை மணி நேரம் தெளிந்திருந்தது என்பவை இல்லாத மதிப்பெண் அடுத்தவருக்கு உதவாது.

விலையைத் தீர்ப்போடு கலக்காதீர்கள். கின்டா டோ நோவாலின் நாசியோனால் என்ற ஒயின், ஒட்டுப் போடாத கொடிகள் வளரும் ஒரு சிறு நிலத்திலிருந்து மிகக் குறைந்த அளவில் வருவதால் அதன் விலையில் அருமையும் சேர்ந்திருக்கிறது. பெயர் குறைந்த ஒரு நிறுவனத்தின் 1970 அல்லது 1980, குளிர்ந்த நிலவறையில் பிறந்தது முதல் அசையாமல் கிடந்திருந்தால், பத்து மடங்கு விலை கொண்ட, பல கைகள் மாறிய பாட்டிலைக் கோப்பையில் வெல்லக்கூடும். வாங்கும் நிலையில் இருப்பவர் முதலில் கேட்க வேண்டியது ஆண்டை அல்ல, சேமிப்பு வரலாற்றை.

பெட்டியாக வைத்திருப்பவருக்கு இறுதியாக ஒன்று. முதல் பாட்டில் ஏமாற்றினால் உடனே பெட்டியை விற்றுவிட வேண்டாம். மட்டமும் நிறமும் வேறுபடும் இரண்டாவது பாட்டில் ஒன்றைத் தேர்ந்து, அதே வெப்பநிலையில், அதே அளவு நேரம் தெளித்துத் திறந்து பாருங்கள். இரண்டிலும் ஒரே குறை, நடுப்பகுதியின் வெறுமையோ துருத்தும் சாராயமோ தெரிந்தால், அது ஒயினுக்கே நேர்ந்தது. மீதியைத் தாமதிக்காமல் அருந்திவிடலாம். இரண்டாவது நன்றாக இருந்தால் பழுது முதல் பாட்டிலின் கார்க்கில் இருந்தது. மீதியை மட்ட வரிசையில் அடுக்கி, தாழ்ந்திருப்பவற்றை முதலிலும் கழுத்துக்குள் நிற்பவற்றைக் கடைசியிலுமாகத் திறந்துவாருங்கள்.